படகுக் கார்களுக்கு ஒரு வக்காலத்து

எங்கள் பி.காம். வகுப்பில் கார் பைத்தியங்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் ஒரே பெஞ்ச். போன வாரம் காஸ்டிங் வகுப்புக்கு சார் வரவில்லை. வழக்கம்போல பேச்சு கார் பக்கம் திரும்பியது. உலகத்திலேயே மோசமான கார்கள் எந்தக் காலத்தில் வந்தவை என்று ஒருவன் கேட்டான். மற்ற இரண்டு பேரும் யோசிக்கக்கூட இல்லை. "எழுபதுகளின் கடைசியில் வந்த அமெரிக்கக் கார்கள்" என்று கோரஸாகச் சொன்னார்கள். நான் "அப்படி இல்லடா" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மணி அடிக்கும் வரை என்னை வறுத்து எடுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கு நடுவில் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள் :-)

முதலில் எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். லிங்கன் கான்டினென்டல் மார்க் 5, ஃபோர்டு தண்டர்பேர்ட், செவர்லே மான்டி கார்லோ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம், கிரைஸ்லர் கோர்டோபா. எல்லாம் 1975-க்கும் 1979-க்கும் இடையே அமெரிக்க ரோட்டில் ஓடியவை. இரண்டே கதவு. முடிவே இல்லாத மாதிரி நீளும் பானெட். கூரைமேல் ஒட்டிய வினைல். பின் சீட்டுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு ஜன்னல். உள்ளே வரவேற்பறை சோஃபா மாதிரி வெல்வெட் சீட். மார்க் 5-இன் நீளம் 230 அங்குலம், அதாவது 19 அடிக்கும் மேல். அந்த ஊர்க்காரர்களே கிண்டலாக "படகு" என்றுதான் இவற்றைச் சொல்வார்கள்.

இந்தக் காலத்துக்கு கார் ரசிகர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "மலெய்ஸ்" காலம், அதாவது சோர்வுக் காலம். 1979 ஜூலை 15 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் டிவியில் ஆற்றிய ஓர் உரையிலிருந்து வந்த பெயர் இது. வேடிக்கை என்னவென்றால் அந்த உரையில் அந்த வார்த்தையே கிடையாது. அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டினார்கள். அதையே தூக்கிக் கொண்டுபோய் கார்கள் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

சரி, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: "இவ்வளவு பெரிய எஞ்சின், சக்தியே இல்லை"

என் நண்பர்களின் பிரம்மாஸ்திரம் இதுதான். 1976 கேடிலாக் எல்டொராடோவுக்கு 8.2 லிட்டர் எஞ்சின், ஆனால் வெறும் 190 குதிரைசக்தி. அதே எஞ்சினுக்கு 1970-இல் 400. "பாதிக்கும் கீழே போய்விட்டது, வெட்கமாக இல்லையா?" என்கிறார்கள்.

ஐயா, நாமெல்லாம் காமர்ஸ் படிக்கிறோம். ஒரு வருடத்தின் மொத்த லாபத்தையும் இன்னொரு வருடத்தின் நிகர லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கம்பெனி திவால்" என்று சொன்னால் சார் சும்மா விடுவாரா? இங்கே நடந்தது அச்சு அசல் அதுதான். 1971 வரை அமெரிக்காவில் குதிரைசக்தியை "கிராஸ்" கணக்கில் சொன்னார்கள். எஞ்சினைத் தனியாகக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து, மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் மாதிரி சக்தியைத் தின்னும் சாமான்கள் எதுவும் இல்லாமல் அளந்த கணக்கு. 1972 மாடலிலிருந்து "நெட்" கணக்கு வந்தது. காரில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லாச் சாமான்களோடும் அளந்தது. 1971 எல்டொராடோவுக்குப் பழைய கணக்கில் 365. அதே எஞ்சினுக்குப் புதிய கணக்கில் 235. ஒரு போல்ட்கூட மாறவில்லை, 130 குதிரைகள் காணாமல் போயின!

அதற்குப் பிறகும் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஏன் குறைந்தது? 1970-இல் அமெரிக்கா சுத்தமான காற்றுக்கான சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல்களில் பெரும்பாலானவற்றில் கேடலிடிக் கன்வர்ட்டர் வந்தது. அதில் ஈயம் பட்டால் கெட்டுப்போகும், அதனால் ஈயம் கலக்காத பெட்ரோல் தேவைப்பட்டது. அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற மாதிரி எஞ்சினின் கம்ப்ரெஷனையும் குறைத்தார்கள். பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது. நாற்பது ஐம்பது குதிரைசக்திக்கு இது மோசமான பேரமா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு: "ஆமை வேகம்"

1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்ஸன் நாடு முழுக்க வேக வரம்பு போட்டார். மணிக்கு 55 மைல், நம் கணக்கில் 88 கிலோமீட்டர். 1987 வரை இதை அவர்கள் தளர்த்தவே இல்லை. முழுசாக எடுத்தது 1995-இல்தான்.

இப்போது யோசியுங்கள். நேராக, அகலமாக, நூற்றுக்கணக்கான மைலுக்கு நீளும் நெடுஞ்சாலை. அதில் 88-க்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும். அந்த ஊரில் அந்த வருடத்தில் ஒரு கார் என்ன செய்ய வேண்டும்? எட்டு மணி நேரம் 88-இல் போக வேண்டும், இறங்கும்போது முதுகு வலிக்கக் கூடாது. கேள்வித்தாளில் இருந்த கேள்வி அதுதான். மார்க் 5 அதற்கு எழுதிய பதிலைப் பாருங்கள். தனி சேஸிஸ் மேல் ரப்பர் வைத்து உட்கார்த்திய பாடி. ரோட்டின் சத்தத்தையும் அதிர்வையும் அந்த ரப்பர் விழுங்கிவிடும். மெத்தை மாதிரி ஸ்பிரிங். ஒற்றை விரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டீயரிங். பெரிய வி-8 எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே தேவையான இழுவை கிடைப்பதால் அலறத் தேவையில்லை, முனகினாலே போதும். ஆட்டோமேட்டிக் கியர், ஏசி, வேண்டுமென்றால் க்ரூஸ் கன்ட்ரோல்.

அதைக் கொண்டுபோய் வளைவில் திருப்பிப் பார்த்து "சாய்கிறது" என்று மார்க் குறைப்பது, அக்கவுன்ட்ஸ் பேப்பரை எகனாமிக்ஸ் வாத்தியார் திருத்தின கதை. சாயத்தான் செய்யும். யார் இல்லை என்றார்கள்?

இந்த வருடம் பொங்கல் லீவில் அம்மாவோடு ஊருக்குப் போக வாடகைக்கு ஒரு புதுக் கார் எடுத்தோம். விளம்பரத்தில் "ஸ்போர்ட்டி சஸ்பென்ஷன்" என்று பெருமையாகப் போட்டிருந்த மாடல். ஆறு மணி நேரப் பயணம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா "ஸ்..." என்று இடுப்பைப் பிடித்தார்கள். அந்தக் காரின் 0-100 வேகம் எத்தனை செகண்ட் என்று எனக்கு மனப்பாடம். அம்மாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்த கார் எது, பத்திரிகையில் எழுதுபவருக்காகச் செய்த கார் எது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மூன்று: "எல்லாம் போலிப் பகட்டு"

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கோர்டோபா விளம்பரத்தில் மெக்ஸிகோவில் பிறந்த நடிகர் ரிக்கார்டோ மோன்டல்பான் வந்து "கொரிந்தியன்" தோல் சீட்டைப் பற்றி உருகி உருகிப் பேசுவார். கேட்டால் கிரேக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த மாதிரி இருக்கும். உண்மையில் கொரிந்துக்கும் அந்தத் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளம்பரக்காரர்கள் கட்டிய பெயர். தோல் வந்தது நியூ ஜெர்சியிலிருந்து! மார்க் 5-இல் கார்ட்டியே, ஜிவான்ஷி, பூச்சி, பில் பிளாஸ் என்று பேஷன் பெயர்களில் தனித்தனிப் பதிப்புகள் வேறு. புருடாதான், மறுக்கவில்லை.

ஆனால் யாருக்காக இந்தப் பகட்டு என்று பாருங்கள். 1976 வரை தண்டர்பேர்ட் பணக்காரர் கார். விலை சுமார் 7,800 டாலர். அந்த வருடம் விற்றது 52,935. 1977-இல் ஃபோர்டு அதைக் கொஞ்சம் சின்னதாக்கி, பல சொகுசுகளை விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று தனியாக எடுத்துவிட்டு, ஆரம்ப விலையை சுமார் 5,100 டாலருக்கு இறக்கியது. விற்றது 3,18,140. அடுத்த வருடம் 3,52,751. மூன்று வருடத்தில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். தேவை நெகிழ்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. 1976-இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ். இத்தனை லட்சம் பேரும் கோடீஸ்வரர்கள் இல்லை. மாதச் சம்பளம் வாங்கி, தவணை கட்டி, தன் வாசலில் கொஞ்சம் அழகாக ஒன்று நிற்கட்டும் என்று நினைத்தவர்கள். பணக்காரன் வைத்துக்கொண்டால் ரசனை, சம்பளக்காரன் ஆசைப்பட்டால் போலிப் பகட்டு என்றால், நாம் காரைத்தான் திட்டுகிறோமா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

1980-இல் தண்டர்பேர்டை இன்னும் சுருக்கினார்கள். வினைல் கூரை, குட்டி ஜன்னல் எல்லாம் இருந்தன. விற்பனை 1,56,803-க்கு விழுந்தது. 1982-இல் 45,142. பெட்ரோல் விலையும் பொருளாதார மந்தமும் முக்கியக் காரணங்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஜனங்கள் வெறும் ஜிகினாவுக்கு மயங்கித்தான் வாங்கினார்கள் என்றால், ஜிகினா இருந்த 1980 கார் அவ்வளவு மோசமாக அடிவாங்கியிருக்கக் கூடாது.

நான்கு: "பெட்ரோல் குடிக்கும் பூதம்"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். பிரேக், டயர், விபத்துப் பாதுகாப்பு எதிலும் இன்றைய சின்னக் காருக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. துருவும் பிடிக்கும். 1979-இல் ஈரானில் புரட்சி வந்து பெட்ரோல் பங்க்குகளில் மறுபடி வரிசை நின்றபோது இந்தக் கார்களின் கதை முடிந்தது. முடிந்தது சரிதான். இவற்றை மறுபடி தயாரிக்கச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். மிச்சம் இருப்பவற்றை நசுக்காதீர்கள். அறுபதுகளின் மஸ்டாங்குக்குத் துரு பிடித்தால் ஊரே கூடி அழுகிறது, ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்துச் சரிசெய்கிறார்கள். எழுபதுகளின் பெரிய கார்களோ இடித்து நொறுக்கும் போட்டிகளுக்கும் காயலான் கடைக்கும் கூட்டம் கூட்டமாகப் போயிருக்கின்றன. காரணம் கேட்டால் "மார்க்கெட் விலை இல்லை" என்பார்கள். விலை ஏன் இல்லை? யாரும் மதிக்காததால். ஏன் மதிப்பதில்லை? எல்லோரும் மோசம் என்று சொல்வதால். யார் சொன்னது? முன்னால் சொன்னவர்கள். ஒருவராவது எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா?

உட்கார்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்கள். லோரைடர் என்று காரைத் தரையோடு தரையாக இறக்கி, பளபளவென்று பெயின்ட் அடித்து, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் விட்டியர் புலவார்டில் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஊர்வலம் போவார்கள். அவர்களுடைய ராஜா 1964 இம்பாலா என்றாலும், எழுபதுகளின் மான்டி கார்லோவும் கட்லஸும் அந்த வரிசையில் உண்டு. பல நகரங்கள் இப்படி உலா போவதையே சட்டம் போட்டுத் தடுத்தன. கலிஃபோர்னியா அந்தத் தடைகளை நீக்கச் சட்டம் போட்டது 2023-இல்தான், 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பத்திரிகைகள் கைவிட்ட கார்களைப் போலீஸுக்கும் பயப்படாமல் காப்பாற்றியவர்கள் இவர்கள். ஒரு காரின் மதிப்பை அவர்களிடம் கேட்காமல் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்?

இவ்வளவு பேசுகிறேனே, நான் இந்தக் கார்களில் ஒன்றில்கூட ஏறியதில்லை. பழைய விளம்பரப் புத்தகங்களும் வீடியோக்களும்தான் என் சொத்து. என் பெஞ்ச் நண்பர்களும் ஏறியதில்லை என்பதால் ஸ்கோர் சமம். என்றைக்காவது அந்தப் பக்கம் போக வாய்த்தால் ஒரு மார்க் 5-ஐத் தேடிப் பிடித்து, முன் சீட்டில் அம்மாவை உட்காரவைத்து, 88-ஐத் தாண்டாமல் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். சாயங்காலம் இறங்கும்போது அம்மா இடுப்பைப் பிடிக்கவில்லை என்றால் கேஸ் முடிந்தது, தீர்ப்பு என் பக்கம்.

டிஸ்கி: மஸ்டாங் ரசிகர்கள் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவேன் என்றால் நல்ல ஸ்பிரிங் உள்ள ஆட்டோவாகப் பார்த்து அனுப்பவும் :-)