உரைகல்லும் அரைப்பேரும்

கெகல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்தை அண்டியது பொல்பிட்டிய. அங்கிருந்து அட்டன் நோக்கி மேலேறினால் மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்கள் கொண்டுவந்த சிறுபொருட்களுள் உரைகல்லும் ஒன்று. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாய்ப்பாலில் உரைத்து, வயிறு பொருமி அழும் சிசுவின் நாவில் தடவுவது அவர்தம் வழக்கம். ஓமத்தண்ணீர் புகட்டுவதும், பெருங்காயத்தைக் குழைத்து வயிற்றில் பூசுவதும் அத்தகையனவே.

இவ்வழக்கம் பற்றிக் கற்றோரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. ஒருசாரார் இதனை முன்னோர் அறிவுக் கருவூலமெனப் போற்றுவர். மறுசாரார் தோட்டப் பெண்களின் அறியாமையென இகழ்வர். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினும் இரண்டும் ஒரே தவறையே புரிகின்றன. உரைகல்லைப் பார்க்கும் கண்கள் அதனைப் பற்றியிருக்கும் கையைப் பார்ப்பதில்லை.

போற்றுவோர் கூற்றை முதலில் நோக்கலாம். 'இம்மருந்தால் எத்தனையோ பிள்ளைகள் சுகமடைந்தன' என்பதே அவர்தம் தலையாய சான்று. சிசுவின் இவ்வழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிவது என்பதை மருத்துவ உலகம் நன்கறியும். தானே தணியும் நோய்க்கு எம்மருந்தைக் கொடுத்தாலும் அம்மருந்து வென்றதாகவே தோன்றும். 1993இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகின்றது. பெருஞ்சீரகமும் வேறு சில மூலிகைகளும் சேர்ந்த கசாயம் அருந்திய சிசுக்களில் 57 வீதமானவற்றுக்கு வலி நீங்கியது. மூலிகை எதுவுமற்ற போலிப் பானத்தை அருந்தியவற்றிலும் 26 வீதமானவற்றுக்கு நீங்கியது! மூலிகைக்குப் பயனேதும் இல்லையென இவ்வாய்வு கூறவில்லை. ஆயின் போலிப் பானத்துக்கும் கைராசி உண்டென்பதை அது காட்டிவிட்டது. அன்றியும், அக்கசாயம் ஒரு தடவைக்கு 150 மில்லிலீற்றர் வரை கொடுக்கப்பட்டது. சின்னஞ்சிறு வயிற்றில் அவ்வளவு கசாயம் நிறைந்தால் தாய்ப்பாலுக்கு இடமேது?

'மூலிகைதானே, தீங்கு செய்யாது' என்பது அடுத்த வாதம். 'பிள்ளை வளர்ப்பான்' எனவும் 'பேர் சொல்லா மருந்து' எனவும் சிறப்பிக்கப்படும் வசம்பின் எண்ணெயில் பீற்றா-அசரோன் என்னும் பொருள் உண்டு. விலங்குகளில் அது புற்றுநோயை விளைவித்தமை கண்டு, வசம்பை உணவிற் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடைசெய்தது. மருந்தைக் குழைக்கும் தேனிலும் ஆபத்துண்டு. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவின் குடலில் தேனிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் 1976இல் இனங்காணப்பட்டது. இயற்கையில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது. முன்னோர் இம்மருந்தை உண்டே வளர்ந்தனர் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: வளர்ந்தவர் மட்டுமே அதனைச் சொல்ல எஞ்சியுள்ளனர், லயக் காம்பராக்களில் மடிந்த சிசுக்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

இனி, இகழ்வோரை நோக்கவேண்டும். போத்தலில் அடைத்து விற்கப்படும் கிரைப் வாட்டரை விஞ்ஞானமெனவும், உரைமருந்தை மூடத்தனமெனவும் கொள்வோர் இவர். 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வில்லியம் வூட்வர்ட் என்பார் உருவாக்கிய அப்பானத்தில் சதகுப்பை எண்ணெயுடன் மதுசாரமும் இருந்தது. சிசுவை அமைதிப்படுத்தியது சதகுப்பையா, மதுசாரமா என்பதை அறிந்துகொள்ளப் பேரறிவு வேண்டுவதில்லை. அதே நூற்றாண்டில் ஆங்கிலத் தொழிற்சாலைப் பெண்களின் குழந்தைகளுக்கு 'கோட்ஃபிறீஸ் கோடியல்' என்ற அபின் கலந்த பானம் புகட்டப்பட்டது. 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மாரும் அபின் உருண்டை கொடுத்துப் பிள்ளைகளை உறங்கவிட்டு வேலைக்குச் சென்றனர். இங்கிலாந்துப் பெண்ணும் பம்பாய்ப் பெண்ணும் ஒரே மரபில் வந்தவரல்லர். ஒரே நூலைக் கற்றவருமல்லர். அவ்விருவரையும் இணைத்தது ஆலைச் சங்கு ஒன்றே. எங்கு தாயின் நேரம் பிறருக்கு விற்கப்பட்டதோ, அங்கெல்லாம் குழந்தையின் அழுகையை அடக்கும் மருந்தும் தோன்றியது.

உரைமருந்து அபின் அன்று. அவ்வாறு கூறுவது தோட்டத் தாய்க்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் அவளை உரைகல்லிடம் அனுப்பும் நிர்ப்பந்தம் அதே இனத்தைச் சேர்ந்தது. பேற்றுக்கு முன்னும் பின்னுமாகச் சட்டம் அவளுக்கு வழங்கும் விடுமுறை 84 நாட்கள். மூன்றாவது குழந்தை முதலாக 42 நாட்கள் மட்டுமே என்றிருந்த பாகுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. அதுவரை அத்தகைய தாய் அழுகை உச்சமடையும் ஆறாவது வாரத்துக்கு முன்னரே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டவேண்டியிருந்தது. இன்றும், அழுகை முற்றாகத் தணியுமுன்னரே விடுமுறை தீர்ந்துவிடுகின்றது. இரவு முழுதும் அழுத பிள்ளையைக் காலையில் பிள்ளைக் காம்பராவில் விட்டு அவள் மலைக்குச் செல்கின்றாள்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு நாளொன்றுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளை உரிமையாக்கியுள்ளது. பிள்ளைக் காம்பரா உள்ளவிடத்து ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கொழுந்து பறிக்கும் மலை தொலைவிலிருப்பின் அவ்வரை மணி நடையிலேயே கழியும். இதற்கிடையில் குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் அன்று அவளுக்கு அரைப்பேர்தான். சட்டம் தந்த இடைவேளையைத் தராசு மீளப் பறித்துக்கொள்கின்றது. இந்நிலையில் மாலையில் லயத்துக்குத் திரும்பி, வீரிட்டலறும் குழந்தையின் முன் உரைகல்லை எடுப்பவளை அறிவிலி என்பது எவ்வகை அறிவு? அவளிடம் எஞ்சியிருப்பது அக்கல் ஒன்றே.

ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. சித்த மருத்துவம் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டது; பல்கலைக்கழகங்களிலும் அது கற்பிக்கப்படுகின்றது. உரைமருந்தின் ஒவ்வொரு சரக்கையும் ஆராய்ந்து, கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இதுவெனத் தமிழில் எடுத்துரைப்பது அத்துறையினரின் கடனாகும். பாராட்டுரைகளால் அக்கடன் தீராது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாமென்பதையும், காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல் ஆகியவை தோன்றின் உரைகல்லை விடுத்து வைத்தியசாலைக்கு விரையவேண்டும் என்பதையும் ஒவ்வொரு லயத்துக்கும் எட்டச்செய்தல் அதனினும் அவசரமான பணி.

இரண்டாவது, பாலூட்டும் தாயின் நாட்கூலியைக் கொழுந்தின் நிறையிலிருந்து விடுவித்தலாகும். இடைவேளை முழுமையாகக் கிடைக்கவேண்டும். நடைநேரம் அதனுள் அடங்கலாகாது. அதன்பொருட்டு அரைப்பேர் விழுதலும் ஆகாது. தோளிற் சாய்த்துத் தட்டிக்கொடுக்கும் கையைவிடச் சிறந்த மருந்தை வயிறு பொருமும் சிசுவுக்கு எந்நாட்டு வைத்தியமும் இதுவரை கண்டதில்லை. அக்கையைக் கொழுந்துக் கூடையிலிருந்து சற்றுநேரம் விடுவிக்க முன்வராதோர், உரைகல்லைப் போற்றினும் இகழினும் குழந்தைக்கு ஆவது ஒன்றுமில்லை.