ராகுகாலமும் ரயில் மணியும்

நம் நாட்டில் கடிகாரம் மணி பார்ப்பதற்காக மாத்திரம் வைத்துக் கொள்ளப்படுவதில்லை. ஏழரை ஆகிவிட்டதா, பத்தரை ஆகிவிட்டதா என்று பார்த்துப் பயப்படுவதற்காகவும் வைத்துக் கொள்ளப்படுகிறது. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரையிலும், வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரையிலும், செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 முதல் 4.30 வரையிலும் ராகு என்பதாக ஒன்று வானத்தில் உட்கார்ந்து கொண்டு, கடை திறப்பவனையும் வண்டி ஏறுபவனையும் கெடுக்கக் காத்திருக்கிறது என்று படித்தவர்களும் படியாதவர்களும் ஒன்றுபோலவே நம்புகிறார்கள். அப்படி ஒரு கிரகம் உண்டா என்கிற கேள்வியைக்கூட இன்று நாம் கேட்க வரவில்லை. அதைப்பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகி விட்டது. இன்று நாம் கேட்பது ஒன்றுதான். அந்த ஏழரை மணி யாருடைய ஏழரை மணி?

இது குறும்புக்காகக் கேட்கப்படும் கேள்வியல்ல. பூமி ஒரு நாளில் 360 டிகிரி சுற்றுகிறபடியால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் ஆகிறது. ஆகவே கிழக்கேயுள்ள ஊருக்கு முன்னாலும் மேற்கேயுள்ள ஊருக்குப் பின்னாலும் உச்சிப்பொழுது வருகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்குமே ஏறக்குறைய 13 நிமிடம் வித்தியாசம். மாட்டு வண்டியில் போய் வந்த காலத்தில் இந்த 13 நிமிடத்தால் யாருக்கும் யாதொரு நஷ்டமுமில்லை. அவனவன் ஊர் சூரியன் அவனவனுக்குப் போதுமாயிருந்தது. ரயிலும் தந்தியும் வந்த பிறகுதான் ஊருக்கொரு மணி என்பது உதவாமல் போயிற்று.

கம்பெனி ஆட்சியார் 1792-ல் சென்னையில் வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அங்கே நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்ட மணிக்குச் சென்னை மணி என்று பெயர். கிரீன்விச் மணிக்கு அது 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. கல்கத்தாவுக்கு ஒரு மணி, பம்பாய்க்கு ஒரு மணி என்று தனித்தனியே இருந்தபோது, இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்த சென்னை மணியையே இந்தியா பூராவும் ரயில்வேக்காரர்கள் எடுத்துக் கொண்டார்கள். பிறகு 1906 ஜனவரி 1 முதல், 82½ டிகிரிக் கோட்டை வைத்து, கிரீன்விச்சுக்கு 5½ மணி முன்னால் என்று பொது மணி ஏற்பட்டது. அன்றைக்குச் சென்னைக் கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தாக்காரர்கள் 1948 வரையிலும் பம்பாய்க்காரர்கள் 1955 வரையிலும் தங்கள் பழைய மணியை விடாமல் வைத்துக் கொண்டிருந்தார்கள். யுத்த காலத்தில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரையில் சர்க்காரார் நாடு முழுவதற்கும் கடிகாரத்தை மேலும் ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் பின்னே இழுத்துக் கொண்டார்கள்.

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். 1906-ல் கடிகாரம் 9 நிமிடம் நகர்ந்தபோது ராகுவும் 9 நிமிடம் நகர்ந்தாரா? 1942-ல் வைசிராயின் உத்தரவு அவருக்கும் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் ராகு சர்க்கார் சம்பளக்காரர் என்று ஆகிறது. சேரவில்லை என்றால் மூன்று வருஷ காலம் கடிகாரத்தைப் பார்த்து ராகுகாலம் கழித்தவர்களெல்லாம் தவறான நேரத்தைக் கழித்திருக்கிறார்கள். அதனால் அவர்கள் குடி முழுகிப் போய்விட்டதா?

பஞ்சாங்கக்காரரைக் கேட்டால், “அப்படியல்ல, சூரியன் உதித்தது முதல் அஸ்தமிக்கிற வரையிலுள்ள பகலை எட்டுப் பங்காக்கி, அதில் ஒரு பங்கைத்தான் ராகுகாலம் என்கிறோம்; ஆறு மணி உதயம் என்பது சௌகரியத்துக்காகச் சொல்லுவது” என்பார். சரி, அவர் கணக்கையே எடுத்துக் கொள்ளுவோம். ஜனவரிக் கடைசியில் கோயம்புத்தூரில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய 6.45 ஆகிறது. அங்கே திங்கட்கிழமை ராகுகாலம் எட்டேகாலை ஒட்டித் தொடங்கி 9.40 வரைக்கும் இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் காலண்டரோ 7.30 முதல் 9 என்கிறது. காலண்டரை நம்பி, 9 மணி அடிக்கட்டும் என்று காத்திருந்து கடைக் கதவைத் திறந்த வியாபாரி, நேராக ராகுவின் வாய்க்குள்ளேயே போய் நுழைகிறார். அவருக்கு அன்று வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

சிங்கப்பூர்க் கதை இன்னும் வேடிக்கையானது. அந்த ஊர் இருக்கிற இடத்துக்குக் கிரீன்விச்சுக்கு ஏழு மணிக்குச் சற்றுக் குறைவாக முன்னால் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் அதைக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்தி 7½ மணி ஆக்கினான். ஜப்பான்காரன் 1942-ல் பிடித்துக்கொண்டதும் டோக்கியோ மணி என்று 9 ஆக்கினான். அவன் போன பிறகு மறுபடியும் 7½ ஆயிற்று. 1982 ஜனவரி முதல் மலேயாவோடு ஒன்றாக 8 ஆயிற்று. இப்போது அங்கே சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கிறது. நம்மவர்கள் சென்னையில் அச்சடித்த காலண்டரைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே மாட்டினால், அதிலுள்ள ஏழு நாள் ராகுகாலமும் ஒரு மணி நேரம் பிசகு. இலங்கையிலோ 1996-ல் மின்சாரப் பஞ்சத்தின் பேரில் மே மாதம் ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்து, 2006 ஏப்ரலில் பாக்கி அரைமணியையும் இழுத்துக் கொண்டார்கள். புலிகள் வசமிருந்த பகுதிகள் பழைய மணியிலேயே இருந்தபடியால், ஒரே தீவில் இந்தப் பக்கம் ஒரு மணியும் அந்தப் பக்கம் ஒரு மணியுமாகச் சில காலம் நடந்தது. இத்தனைக்கும் ராகு எந்தச் சோதனைச் சாவடியிலும் நின்று மணியைத் திருத்திக் கொண்டதாகத் தகவல் இல்லை.

இது வெறும் சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தால் நாம் இவ்வளவு காகிதத்தைச் செலவழிக்க மாட்டோம். இதில் நஷ்டமடைகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். வங்கியின் வட்டி ராகுகாலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ரயில் வெள்ளிக்கிழமை 11 மணிக்கும் புறப்படுகிறது. ஆனால் வீடு கட்டுகிற இடத்தில் கொத்தனாரும் சித்தாளும் எட்டு மணிக்கே வந்து நின்று, “ராகுகாலம் கழியட்டும்” என்று வீட்டுக்காரர் சொன்னதற்காகக் கைகட்டி உட்கார்ந்திருந்து, அந்த நேரத்துக்கும் சேர்த்து இருட்டுகிற வரையில் மண் சுமக்கிறார்கள். ராகுவுக்குக் கொடுத்த காலம் முதலாளியின் கணக்கில் ஏறுவதில்லை, கூலிக்காரியின் இடுப்பில்தான் ஏறுகிறது.

பொதுமக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சர்க்கார் காரியாலயங்களாவது இதற்கு விலக்காக இருக்க வேண்டாமா? நமது பத்திரப் பதிவு இலாகா, நல்ல நாள் என்று சொல்லப்படுகிற தினங்களில் கூட்டம் அதிகம் என்பதற்காகக் கூடுதல் டோக்கன் கொடுப்பதாக விளம்பரம் செய்கிறது. கூட்டத்துக்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்கிறோம் என்று சமாதானம் சொல்லுவார்கள். ஆனால் சர்க்கார் முத்திரையோடு “இது சுபதினம்” என்று அச்சடித்து வெளியிட்ட பிறகு, மற்ற தினங்கள் என்ன தினங்கள் என்று பாமர மக்கள் நினைப்பார்கள்? பங்குச் சந்தைக்காரர்களோ தீபாவளியன்று முகூர்த்த வியாபாரம் என்றே ஒரு மணி நேரம் நடத்துகிறார்கள். கோடிக்கணக்கில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கதி இது.

நிற்க, பொது மணி என்பதும் வானத்திலிருந்து விழுந்ததல்ல, மனிதர்கள் சௌகரியத்துக்காகச் செய்து கொண்டதே என்பதை நாம் மறக்கக்கூடாது. ரயிலுக்கும் தந்திக்கும் கோர்ட்டுக்கும் சந்தைக்கும் ஒரே மணி இருப்பதால் உண்டாகிற லாபத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சௌகரியத்துக்காகச் செய்தது அசௌகரியமாகிறபோது அதையும் தெய்வமாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. இந்தியாவின் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் ஏறக்குறைய 29 டிகிரி தூரம், அதாவது சூரியக் கணக்கில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. அஸ்ஸாமில் கௌஹாத்தியில் ஜூன் மாதம் காலை நாலரைக்கே விடிந்து விடுகிறது. டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டி விடுகிறது. பகல் வெளிச்சமெல்லாம் தூங்கிக் கழிந்து, ஆபீசில் பாதி வேலை விளக்கெரித்துச் செய்ய வேண்டியதாயிருக்கிறது.

இதை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். கூலிகளின் மேலுள்ள அன்பினால் அல்ல, இலை பறிக்க வெளிச்சம் வேண்டுமென்பதால், தேயிலைத் தோட்டங்களுக்குள்ளே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்துக் கொண்டார்கள். தோட்ட மணி என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் அது வழக்கத்தில் இருக்கிறது. 2014-ல் முதல் மந்திரி தருண் கோகோய் மாகாணம் முழுவதற்குமே அப்படிச் செய்யப் போவதாகச் சொன்னார். நடக்கவில்லை. தனி மணி கேட்டுப் போட்ட வழக்கைக் கௌஹாத்தி ஹைக்கோர்ட் 2017-ல் தள்ளி விட்டது. நாட்டின் மணியைக் காக்கிற டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையார் தாங்களே 2018-ல் கணக்கெடுத்து, கிழக்குப் பகுதிக்கு 6½ மணி என்று இரண்டாவது மணி வைக்கலாம், அஸ்ஸாமுக்கும் மேற்கு வங்காளத்துக்கும் இடையிலுள்ள குறுகிய எல்லையில் மாத்திரம் ரயில்கள் மணி மாறினால் போதும் என்று எழுதினார்கள். அதற்கும் டில்லி அசையவில்லை.

ஒரு நாட்டுக்கு இரண்டு மணி வைத்தால் ஒற்றுமை போய்விடும், ரயில்கள் மோதிக்கொள்ளும் என்கிறார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் பல மணிகளை வைத்துக்கொண்டு ரயில் விடுகின்றன. தோட்டத்துக்குள்ளே ஒரு மணியும் வேலிக்கு வெளியே ஒரு மணியுமாகத் தலைமுறை தலைமுறையாக நடந்தும், அஸ்ஸாம் தேயிலை ஒருநாளாவது ரயிலைத் தவறவிட்டுச் சந்தைக்கு வராமல் நின்றதாக யாரும் சொல்லக் காணோம்.