வாய் ஒன்று, வயிறு வேறு!

என்.எஸ்.பி. ரோட்டில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி நடந்தால், சார்ஜர் கேபிள்கள் மாலை மாலையாகத் தொங்கும். "அண்ணே, ஒரு டைப்-சி குடுங்க" என்று கேட்டால் ஒன்றை உருவிக் கொடுப்பார்கள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. என் வழக்கு இதுதான்.

டைப்-சி வந்ததே தப்பு என்று சொல்ல வரவில்லை. 2014-ல் வந்த இந்த கனெக்டரில் மேலே 12, கீழே 12 என 24 பின்கள். எப்படித் திருப்பிச் செருகினாலும் சேரும். இருட்டில் மைக்ரோ யூ.எஸ்.பி.யைத் தலைகீழாகத் திணித்து நாக்கை உடைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்! ஆனானப்பட்ட ஆப்பிளே 2023-ல் ஐபோன் 15-ல் இதற்கு இறங்கி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கான தரத்தை வெளியிட்டது. ஹாஸ்டலில் நாலு பேருக்கு ஒரு சார்ஜர் போதும் என்றால் கசக்குமா?

சரி, வயிற்றுக்கு வருவோம். இரு முனையிலும் டைப்-சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் 60 வாட். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு குட்டி சிப் இருக்க வேண்டும். அது 240 வாட் வரை போகும். ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட் கடத்தும், இன்னொன்று 40 ஜிகாபிட். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு ஒயர்!

வேகம் குறைந்தால் பரவாயில்லை, காத்திருக்கலாம். பயம் வேறு இடத்தில். பழைய செவ்வக முனையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். சிலர் அங்கே 10 கிலோ ஓம் வைத்துவிட்டார்கள். போன் அதைப் பார்த்து "3 ஆம்பியர் கிடைக்கும்" என்று நம்பி இழுக்கும். அவ்வளவு கொடுக்கத் திராணியில்லாத கம்ப்யூட்டர் போர்ட் என்ன பாடுபடும்? கூகுள் இன்ஜினியர் பென்சன் லியுங் 2015-ல் கேபிள்களைத் தன் காசில் வாங்கிச் சோதித்து, இப்படிப்பட்டவற்றை ஊரறியச் சொன்னார். 2016-ல் ஒரு கேபிளில் கிரவுண்டும் மின்சார ஒயரும் இடம் மாறியிருந்தன. அவர் லேப்டாப்பே போச்சு! அதன்பின் அமேசான் தரமற்ற டைப்-சி கேபிள்களுக்குத் தடை போட்டது. அவருக்கு வேறு லேப்டாப் கிடைத்திருக்கும். அப்பா வட்டிக்கு வாங்கித் தந்த லேப்டாப் போனால் நமக்கு?

ரிப்பேர் கதையும் உண்டு. மைக்ரோ யூ.எஸ்.பி.க்கு 5 பின்தான், கை பழகினவர் சால்டரிங் அயர்னிலேயே மாற்றிவிடுவார். டைப்-சியில் பின்னுக்குப் பின் அரை மில்லிமீட்டர். ஹாட் ஏரும் பூதக்கண்ணாடியும் இல்லாத சின்ன மெக்கானிக் கையை விரிக்கிறார்.

ஆகவே என் கட்சி: டைப்-சி இருக்கட்டும், கேபிளின் மேல் வாட்டும் வேகமும் அச்சடிக்கச் சட்டம் வேண்டும். யூ.எஸ்.பி. அமைப்பு 2021-லேயே 60 வாட், 240 வாட் முத்திரைகளைக் கொண்டுவந்தது. சான்று வாங்கினவர்கள்தான் போடுகிறார்கள். நடைபாதை மாலையில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. அதுவரை கடையில் "டைப்-சி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை வாட், என்ன ஸ்பீடு?" என்று கேளுங்கள். அண்ணன் முறைத்தால் அடுத்த கடை.