என் விளக்கு, அவர் கண்

"என்ன சார், அம்பாசடர் மறுபடியும் மஞ்சக் காமாலை வெளிச்சத்துக்கு வந்துடுச்சு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். போன வருஷம் ஹெட்லைட் முதல் மீட்டர் போர்டு வரை எல்லா பல்பையும் எல்.இ.டி.க்கு மாற்றி, ஊரெல்லாம் வெளுக்க வெளிச்சம் அடித்துக்கொண்டு போனவன் நான். இப்போது முன் விளக்கில் பழைய ஹாலஜன் பல்பைத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் வண்டி 1986 மாடல் மார்க் 4. அரசு ஏலத்தில் எடுத்தது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது" என்பது ஒரு கட்சி. "எல்லாவற்றையும் புதுசாக்கு" என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. மின்வாரியத்தில் 33 வருஷம் கம்பத்தோடும் கம்பியோடும் வாழ்ந்தவன். எல்.இ.டி. மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்துக் கம்பங்களை முறித்துப் போட்ட பிறகு, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அந்த இரவுகளை ஓட்டித் தந்தது பேட்டரியில் எரிந்த எல்.இ.டி. விளக்குதான். அதனால், "பழசு மேல் பாசம்" என்று என் கட்சியை யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நடந்தது இதுதான். போன பங்குனியில், விடியற்காலை நாலு மணிக்கு, மாப்பிள்ளையை வேதாரண்யத்தில் பஸ் ஏற்றிவிடப் போய்க்கொண்டிருந்தேன். எல்.இ.டி. வாங்கிக் கொடுத்தவரும் மாப்பிள்ளைதான். கோடியக்காடு தாண்டி, அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கம் போகும்போது எதிரே ஒரு சைக்கிள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பு வாருவதற்காக அந்த நேரத்தில்தான் உப்பளத்துக்காரர்கள் போவார்கள். ஹாண்டில்பாரில் தூக்குச் சட்டி தொங்கியது. அவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி முன்சக்கரம் ரோட்டு ஓரத்தை விட்டு இறங்கி, ஆளும் சைக்கிளும் பள்ளத்தில்.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினோம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர். முழங்காலில் ரத்தம், தோளைத் தூக்க முடியவில்லை. "அண்ணே, கார் வர்றது தெரியலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் சொன்னார்: "காரு வந்தது நல்லாத் தெரிஞ்சுதுங்க. ரோடு எங்க இருக்குன்னுதான் தெரியல."

நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். பிரைட் போடவில்லை. அதை ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொண்டே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மூன்று வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்கு உப்பளத்தில் கூலி கிடையாது. அந்தப் பணத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

டிம்மில் போட்டும் கண் கூசியது ஏன்? இது தெரியாமல்தான் பலரும் என்னைப்போல மாட்டிக்கொள்கிறார்கள். எச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழை உண்டு. டிம்முக்கான இழைக்குக் கீழே சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி ரோட்டில் இறங்குவதற்கான ஏற்பாடு அது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளிச்சத்தின் போக்கு மாறும். ரிஃப்ளெக்டரும் கண்ணாடியும் அந்த இழை இருக்கும் இடத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பில் இழை இல்லை; ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் சில்லுகள். பெரும்பாலானவற்றில் அளவும் வேறு, இடமும் வேறு. அதனால் டிம்மில் போட்டாலும் வெளிச்சம் சிதறி மேலே ஏறுகிறது. புது வண்டிகளில் வரும் எல்.இ.டி. ஹெட்லைட் அந்த விளக்குக்காகவே செய்த கூட்டில் வருகிறது. அது வேறு விஷயம். நாம் செய்வது, குண்டு பல்புக்காகச் செய்த கூட்டில் எல்.இ.டி.யைச் சொருகுவது.

வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பூச்சு பூசியது. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள், நியாயமான பரிசு. ஆனால் அந்த நீலம் அதிகமாக உள்ள வெள்ளை வெளிச்சம், கண்புரை ஆரம்பித்த கண்ணுக்குள் போனால் என்ன பாடு என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே ஒரு வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் கண்ணில் வெள்ளைப் படலம் நிற்கிறதே, அதுதான்.

இதற்குப் பதிலாக என்னிடம் மூன்று வாதம் சொல்கிறார்கள். முதலாவது, "எனக்கு ரோடு நன்றாகத் தெரிகிறதே!" உனக்குத் தெரிகிறது, சரி. ஹெட்லைட் ஒன்றுதான் நம் வண்டியில் நமக்கு மட்டும் சொந்தமில்லாத பொருள். சீட் கவர் என்ன நிறம் என்பது என் இஷ்டம். முன் விளக்கு விழுகிற இடமோ எதிரே வருகிறவரின் கண். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதைத்தான் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இறங்க வேண்டும். 1.5 மீட்டர் என்றால் எவ்வளவு? சைக்கிளில் உட்கார்ந்து வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரம்தான்.

இரண்டாவது வாதம், "எல்லாரும் போட்டிருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் இருட்டில் போக வேண்டும்?" எல்லாரும் கத்துகிற இடத்தில் நாமும் கத்தினால் யாருக்கும் காது கேட்காது. ஆளுக்கு ஆள் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் தோற்பது விளக்கே இல்லாமல் வருகிறவர். எங்கள் ரோட்டில் அப்படி வருகிறவர்கள் உப்பளத்துக்காரர், வலையைச் சுமந்து வரும் மீனவர், காட்டு ஓரத்திலிருந்து ரோட்டைக் கடக்கும் மான், மட்டக்குதிரை. இதில் யாராலும் பதிலுக்கு ஹெட்லைட் போட முடியாது.

மூன்றாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "பழைய வண்டியில் ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது, வேறு என்ன செய்ய?" மாப்பிள்ளையும் இதைத்தான் சொன்னார், "மாமா, இந்த வெளிச்சத்தில் நீங்கள் ராத்திரி வண்டி ஓட்டுவதே ஆபத்து" என்று. அக்கறையோடு சொன்னது. ஆனால் வெளிச்சம் மங்கியதற்குக் காரணம் பல்ப் இல்லை. பழைய பல்பைத் திரும்பப் போட்ட அன்று மீட்டரை எடுத்து அளந்தேன். பேட்டரி முனையில் 12.6 வோல்ட், ஹெட்லைட் பல்பின் முனையில் 10.9. நடுவில் 1.7 வோல்ட் எங்கே போனது? நாற்பது வருஷத்துச் சுவிட்சிலும், மெல்லிசான வயரிலும், உப்புக் காற்று தின்ற எர்த்திலும் போனது. குண்டு பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இத்தனை வருஷம் மின்வாரியத்தில் இருந்துவிட்டு, சொந்த வண்டியில் இதை முதலிலேயே அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அது என் வெட்கம்.

செய்த வேலை இவ்வளவுதான். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸோடு, தடித்த வயர். எர்த் கம்பியின் துருவைச் சுரண்டிப் புது போல்ட். கறுத்துப்போன ரிஃப்ளெக்டருக்குப் பதில் புதியது. பல்ப் அதே 60/55 வாட் ஹாலஜன். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. பிறகு சமதரையில் ஒரு சுவருக்கு 8 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தோம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே கோடு போட்டதுபோல நின்றது. அதே இடத்தில் எல்.இ.டி. பல்பை மாட்டிப் பார்த்தோம். கோடே இல்லை, சுவர் முழுக்க வெள்ளை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. எல்.இ.டி. போட்டிருக்கும் நண்பர்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

மற்ற விளக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரூம் லைட்டிலும் மீட்டர் போர்டு வெளிச்சத்திலும் எல்.இ.டி.யை அப்படியே விட்டுவிட்டேன். யாருக்கும் தொந்தரவில்லை, சூடும் இல்லை. பிரேக் லைட்டிலும் எல்.இ.டி.தான். மிதித்ததும் நொடியில் எரிகிறது, பின்னால் வருகிறவருக்கு நல்லது. ஆனால் சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யே போட வேண்டும், வெள்ளை போட்டால் ரோஸ் நிறத்தில் எரியும். இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டதும் பழைய ஃப்ளாஷர் மினுக்க மறுத்தது. அது 21 வாட் பல்பின் கரண்டை நம்பி வேலை செய்வது. மீட்டர் போர்டின் சார்ஜ் லைட்டில் எல்.இ.டி. போட்டபோது, எஞ்சினை உறுமவிட்டால்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கியது. அந்தச் சின்ன பல்ப் வழியாகப் போகும் கரண்டுதான் அதை எழுப்பிவிடுவது. இந்த இரண்டு இடத்திலும் குண்டு பல்பே திரும்பி வந்துவிட்டது.

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கோயில் எலியின் கதை உங்களுக்குத் தெரியும். நெய் குடிக்க வந்த எலி, அணையப்போன விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்டது. அதற்கே மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனது என்பார்கள். நம் பழைய வண்டிக்கும் வேண்டியது அந்தத் தூண்டல்தான். இருக்கிற விளக்கைத் துடைத்து, அதற்கு உரிய வோல்டேஜைக் கொடுங்கள்.

நேற்று விடியற்காலை அதே ரோட்டில் அவரைப் பார்த்தேன். டிம்மில் மெதுவாகப் போனேன். இந்தத் தடவை அவர் கையைத் தூக்கியது கண்ணை மறைக்க இல்லை. "போய்ட்டு வாங்க சார்" என்று கை காட்டிவிட்டு, ரோட்டை விட்டு இறங்காமல் போனார்.