கால் வைக்காமலே காப்பாற்றியவர்கள்

முதுகுப்பையும் கூடாரமுமாக சைலன்ட் வேலியில் ஆற்றோரமாக மூன்று நாள் நடக்க விடமாட்டேன் என்கிறார்களாம். “நம்ம காடுதானே சார், இது என்ன அநியாயம்?” என்று நண்பர் கொதிக்கிறார்.

நானும் கொதித்தவன்தான். முக்காலியிலிருந்து 23 கிலோமீட்டர் ஜீப்பில் போய், சைரந்திரியில் இறங்கி, குந்திப்புழை வரை ஒரு சின்ன நடை. அவ்வளவுதான், திரும்பு என்றார்கள். எரிச்சலாக இருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆற்றில் கேரள மின்வாரியம் அணை கட்டவிருந்தது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. அதற்காகக் கையெழுத்துப் போட்டவர்கள், கவிதை எழுதியவர்கள், ஊர் ஊராகக் கூட்டம் நடத்திய சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள், இவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைத்திருப்பார்கள்? பார்க்காத காட்டுக்காகத்தான் சண்டை போட்டார்கள். நாமோ பார்த்தால்தான் நேசிப்போம் என்கிறோம்.

நான் தென்னேரிக்காரன். எங்கள் ஏரிக்கரையில் யாருக்கும் தடையில்லை. திங்கட்கிழமை காலையில் வந்து பாருங்கள்: பாட்டில், பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் தம்ளர். மலையேறினால் மட்டும் நமக்கு வேறு புத்தி வந்துவிடுமா?

மரத்தைவிட்டு இறங்கவே தயங்கும் சிங்கவால் குரங்குக்கு நம் தரிசனம் தேவையில்லை. நடந்தே தீரவேண்டும் என்றால் ஏரிக்கரைக்கு வாருங்கள், நானும் வருகிறேன். கையில் ஒரு சாக்கு மட்டும் இருக்கட்டும்.