மலை யாத்திரைக்கு அடுக்காடை

கோடை விடுமுறை வந்துவிட்டால் தில்லியிலுள்ள நம் குடும்பங்கள் பல, ஊரிலிருந்து பெற்றோரையும் வரவழைத்துக்கொண்டு கேதாரநாத யாத்திரைக்கு ஆயத்தமாகின்றன. டோலியா, குதிரையா என்று பல நாள் ஆலோசனை நடக்கும். உடையைப் பற்றி வினவினாலோ, கனத்த ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வைத்தாயிற்று என்பதே விடை. அந்த ஸ்வெட்டரைப் பற்றித்தான் இம்மாதம் பேசவேண்டியிருக்கிறது.

கௌரிகுண்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம்; கோயில் 3,583 மீட்டர். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறைவதால், இவ்விரண்டிற்கும் 10 டிகிரி வேற்றுமை உண்டு. ஆயினும் யாத்திரிகரை வாட்டுவது குளிர் மட்டுமன்று, வியர்வையுமாம். ஏற்றத்தில் நடக்கையில் ஸ்வெட்டருக்குள் பருத்திப் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேலே சென்று தரிசன வரிசையில் அசையாது நிற்கும்போது அந்த ஈரம் உடற்சூட்டை உறிஞ்சத் தொடங்கும். காற்றைக் காட்டிலும் நீர் 20 மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவது.

பனி நாடுகளில் நாட்கணக்கில் வேட்டைக்குச் செல்வோருக்கும் இதே இடர்தான்: வியர்க்க வியர்க்க மலையேறிப் பின்னர் மணிக்கணக்கில் அசையாது காத்திருப்பர். (நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடுத்துவிட்டன, நல்லதாயிற்று.) அவர்கள் கண்ட வழி, ஆடையை அடுக்காக உடுத்தல். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை. அதன்மேல் சூட்டைக் காக்கும் ஸ்வெட்டர். எல்லாவற்றிற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய சட்டை. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது, அவர் அணிந்திருந்ததும் பட்டும் கம்பளியும் பருத்தியுமாகப் பல மெல்லிய அடுக்குகளே.

அடுக்கின் பயன் கழற்றுவதில் இருக்கிறது. புறப்படும்போது சற்றே குளிர்வதுபோல் இருக்கட்டும். வியர்க்குமுன் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுக. நின்றவுடன், குளிரும்வரை காத்திராமல், மீண்டும் அணிக. நம் பெரியோர் இதற்கு உடன்படுவது அரிது. குரங்குக் குல்லாயைக் கௌரிகுண்டத்திலேயே மாட்டிக்கொண்டு கோயில் வரை கழற்றமாட்டார்கள்! பெண்டிர் சேலைக்குள் கம்பளிக் காற்சட்டை அணிதல் நலம். மழையில் நனைந்த நூற்சேலை எளிதில் உலராது. இரவுக்கென்று ஒரு ஜோடி உள்ளாடையும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, பகலில் எக்காரணத்தாலும் அவற்றைத் தொடாதிருத்தல் வேண்டும்.

உடன் வருபவர் நடுங்கி, நாக்குழறித் தள்ளாடினால் அதைக் களைப்பென்று எண்ணற்க. நடுக்கம் நின்றும் தெளிவு வாராவிடில் அபாயம் மிகுதி. ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை அணிவித்து, கம்பளியால் போர்த்துக. விழுங்கும் நிலையிலிருந்தால் சூடான இனிப்புப் பானம் தரலாம், மது கூடாது. தாமதியாமல் வழியிலுள்ள மருத்துவ முகாமுக்குக் கொண்டுசெல்க. அன்றைய தரிசனம் நின்றுபோனாலும் போகட்டும்.