எண்ணெய் மண்ணுக்கு உண்டு கணக்கு, எங்கள் கூலிக்கு?



பாலக்காடு சந்திப்பில் டிக்கெட் கொடுப்பவன் நான். மூட்டையோடு வந்திறங்கிய கீழத்தஞ்சைக் குடும்பம் ஒன்றிடம், "ஊரில் வயல் இல்லையா?" என்று கேட்டேன். "வயல் இருக்கிறது ஐயா, அதில் எண்ணெய்க் கிணறும் இருக்கிறது. நடவுதான் இல்லை" என்றாள் அந்த அம்மாள்.

நரிமணம், கமலாபுரம், குத்தாலம், அடியக்கமங்கலம் எல்லாம் நெல் விளைந்த ஊர்கள். 1980-களுக்குப் பிறகு எண்ணெய், எரிவாயு வயல்கள் என்று பெயரெடுத்தன. கச்சா எண்ணெய் தனியாக மேலே வருவதில்லை. வாயுவும் நீரும் கலந்தே வருகிறது. பிரிக்க நிலையம் வேண்டும், கொண்டுபோகக் குழாய் வேண்டும், லாரி போகப் பாதை வேண்டும். அத்தனையும் வயலின் மேல்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் கசிந்தது. நியாயம் கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும்!

"நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். தேவைப்படும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. டீசல் இல்லாவிட்டால் மூணாறு ஏற்றத்தில் ஜீப் ஏறாது. நாம் கேட்பது வேறு: நாட்டுக்காக இழப்பவர் யார், ஈடு பெறுபவர் யார்?

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் பணம் பட்டாதாரருக்கு. எண்ணெய்க்கு ராயல்டி மாநில அரசுக்கு. குழாய் பதித்தால் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி சந்தை விலையில் 10 சதவீதம், அதுவும் நிலத்துக்காரருக்கு. நம் கூற்றநாடு வழியே எரிவாயுக் குழாய் வந்ததும் இதே சட்டத்தால்தான். நாற்று நட்டவளுக்கு? களை பறித்தவளுக்கு? ரயில் டிக்கெட்தான் மிச்சம், அதுவும் சொந்தக் காசில்!

2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொண்டது. நிலத்தை வாங்காமல் குத்தகை என்று எழுதிக்கொண்டால் அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. 2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. நல்லது, வரவேற்போம். ஆனால் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை.

இடுக்கி லயங்களில் வாழும் தோழர்களே! பிழைப்பிழந்து கங்காணி பின்னால் மலையேறிய பாட்டன்மாரின் கதை உங்களுக்குத் தெரியும். எவரும் அன்று அவர்களுக்குக் கணக்கு எழுதவில்லை. இன்று நாம் எழுத வைக்க வேண்டும். கிணறு இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் பட்டாதாரர் பட்டியலோடு கூலிக்காரர் பட்டியலும் எடுக்கப்பட வேண்டும். இழந்த வேலைநாளுக்கு ஈடு தரப்பட வேண்டும்.

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் ஜனவரி 26 வரை தங்குங்கள். அன்று கிராம சபை கூடும். ஊரில் ஓட்டுள்ளவர்கள் எழுந்து நின்று இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். கேளாத கூலி எந்தக் காலத்திலும் வந்ததில்லை!